செவனிங்கா, ஃபுல்பிரைட்டா, எராஸ்மஸ் முண்டஸா?

வெளிநாட்டு உதவித்தொகை என்றதும் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களின் நினைவுக்கு முதலில் வருபவை பிரிட்டிஷ் அரசின் செவனிங்கும் அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேருவும்தான். ஆனால், பட்டம் கைக்கு வந்த கையோடு இவ்விரண்டிலும் சேர முடியாது என்பது பலருக்குத் தாமதமாகவே தெரிய வருகிறது. செவனிங் 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்கிறது. வாரத்துக்கு 35 மணி நேரம், ஆண்டுக்கு 40 வாரம் என்று கணக்கிட்டால் சரியாக இரண்டு ஆண்டுகள். ஃபுல்பிரைட்-நேருவின் முதுகலைப் பிரிவுக்கு மூன்றாண்டு அனுபவம் வேண்டும். அதோடு, மூன்றாண்டு பி.ஏ. அல்லது பி.எஸ்சி. மட்டும் படித்தவர்கள் அதற்கு மேல் ஒரு முதுகலைப் பட்டமோ முதுநிலைப் பட்டயமோ முடித்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2004 முதல் நடத்திவரும் எராஸ்மஸ் முண்டஸுக்கு இப்படிப் பொதுவான அனுபவ நிபந்தனை எதுவும் இல்லை. பெரும்பாலான படிப்புகளுக்கு இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டிய இந்தக் கூட்டு முதுகலையில் உதவித்தொகை பெறுபவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்பதோடு, மாதம் 1,400 யூரோ வீதம் 24 மாதங்கள் வரை கிடைக்கும். விமானச் சீட்டும் விசாச் செலவும் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம் என்பதால், புறப்படும்போது கைப்பணம் தேவைப்படும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. செவனிங்கில் இந்தத் தொல்லை இல்லை. விமானச் சீட்டை அவர்களே தருகிறார்கள், ஆனால் படிப்பு ஓராண்டுதான்.

முடித்தபின் செவனிங்காரர் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும். ஃபுல்பிரைட்டின் ஜே-1 விசாவும் அதே இரண்டாண்டுக் கட்டுப்பாட்டோடுதான் வருகிறது. எராஸ்மஸ் முண்டஸ் அப்படி எதையும் விதிப்பதில்லை.

தேர்வு முறையும் வேறு. செவனிங் தலைமைப் பண்பையும் தொடர்புகளையும் கட்டுரைகளிலும் நேர்காணலிலும் துருவிப் பார்க்கும். எராஸ்மஸ் முண்டஸில் ஒவ்வொரு படிப்பையும் நடத்தும் பல்கலைக்கழகக் குழுவே மதிப்பெண்ணையும் பாடப் பொருத்தத்தையும் எடைபோடுகிறது. மேடை ஏறாமல் ஆய்வகத்திலேயே காலம் கழித்த மாணவருக்கு இதுவே ஏற்றது என்பது என் கணிப்பு. பெரும்பாலான படிப்புகளின் கடைசித் தேதி ஜனவரியை ஒட்டி வருவதால், செமஸ்டர் தேர்வு நெருக்கும் நேரத்தில் பேராசிரியர்களிடம் இரண்டு பரிந்துரைக் கடிதங்களுக்காக நிற்க வேண்டியிருக்கும். “நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்” என்பவரை விட்டுவிட்டு, உங்கள் புராஜெக்டை வரிவரியாகத் திருத்தியவரிடமே கேளுங்கள்.