‘அசல் டயல்’ என்ற சொல்லை நம்பி நான் வாங்கிய சீகோ 5

பழைய சீகோ 5 ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்தை இணையத்தில் வாங்க எண்ணுவோர், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். “1978ஆம் ஆண்டுத் தயாரிப்பு, கையில் கட்டாதது, அசல் டயல்” என்ற விளம்பரத்தை நம்பி, மும்பை வணிகர் ஒருவருக்குச் சென்ற மாதம் 6,500 ரூபாய் அனுப்பினேன். வந்து சேர்ந்த கடிகாரத்தின் நீல டயல் நேற்றுச் செய்ததுபோல் மின்னியது. நாற்பது ஆண்டு கடந்த பொருள் அப்படி மின்னுவதே சந்தேகத்துக்கு உரியது என்பது, ஆசைப்பட்டு வாங்கியவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

பட்டை மாற்றுவதற்காக எங்கள் ஊர் வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனபோதுதான் குட்டு உடைந்தது. பின்மூடியில் பொறித்திருந்த எண் 6119 என்று தொடங்க, உள்ளே ஓடிக்கொண்டிருந்ததோ 7009 மெஷின். அந்தக் காலச் சீகோவின் பின்மூடியில் முதல் நான்கு இலக்கங்கள் மெஷினைக் குறிப்பவை என்பதால் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். அதே மூடியில் தனியாகப் பொறித்திருக்கும் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், அடுத்த குறி மாதத்தையும் காட்டும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு முறையே ஓ, என், டி என்னும் ஆங்கில எழுத்துகள் வரும். என்னுடையது ‘1என்’ என்று தொடங்கியது. அதாவது, மூடி 1971 நவம்பரைச் சேர்ந்தது.

டயலின் கதை இன்னும் மோசம். ஆறு மணிக் குறிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, பொடி எழுத்தில் இருக்க வேண்டிய டயல் எண்ணையே காணோம். ரிப்பேர்காரர் கொடுத்த லென்ஸில் பார்த்தபோது, நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக வராமல் விலகியிருந்ததும், தேதிச் சாளரத்தின் ஓரத்தில் பெயின்ட் திரண்டு நின்றதும் தெளிவாகத் தெரிந்தன. பழைய டயலைச் சுரண்டி, வண்ணம் பூசி, மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். மங்கிக் கறை படிந்த அசல் டயலுக்குச் சேகரிப்போர் கொடுக்கும் விலையை இத்தகைய ‘ரீடயல்’ ஒருபோதும் பெறாது. மெஷின் நன்றாக ஓடுவதால் 1,500 ரூபாய் சொல்லலாம் என்றார் ரிப்பேர்காரர்.

விளம்பரத்தில் முகப்புப் படம் மட்டுமே இருந்தது. டயலின் கீழ் விளிம்பு, பின்மூடி, திறந்த மெஷின் ஆகிய மூன்றின் படங்களையும் நான் கேட்டிருக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “படத்தில் உள்ளதைத்தானே அனுப்பினோம்” என்று ஒரே வரியில் பதில் வந்தது. இப்போது அதே விளம்பரம், அதே 1978, பச்சை டயலுடன் 7,000 ரூபாய்க்கு இருக்கிறது.