பெரிய கிட்டா, அண்ணன் மாடல் காலிப்பரா, இருப்பதே போதுமா?

ஸ்போர்ட்ஸ் காரில் கை வைக்கத் தொடங்கியவர்கள் இன்ஜினுக்கு அடுத்து வந்து நிற்பது பிரேக்கில்தான். வீலின் ஸ்போக்குகளுக்கு நடுவே சிவப்புக் காலிப்பர் பளிச்சென்று தெரிவது யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடிக்கும். வீலோடு சுழலும் டிஸ்க்கை, பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் கவ்விப் பிடிக்கும் பாகம்தான் காலிப்பர்; பேட்டைத் தள்ளுவது அதற்குள் இருக்கும் பிஸ்டன். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் விடாமல் நாமே மாட்டப் போகிறோம் என்றால் அளவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. எதை நம் கையால் ஒழுங்காக மாட்ட முடியும், மாட்டியது சரிதான் என்று எதை நாமே சோதித்துக்கொள்ள முடியும் என்றும் பார்க்க வேண்டும்.

வழிகள் மூன்று. ஒன்று, கம்பெனி காலிப்பரையே வைத்துக்கொண்டு பேட், பிரேக் ஆயில், ஹோஸ் மூன்றையும் நல்லதாக மாற்றுவது. இரண்டு, அதே குடும்பத்தில் வந்த வேகமான மாடலின் காலிப்பரை எடுத்து மாட்டுவது. அதை இங்கே அண்ணன் மாடல் என்கிறேன். மூன்று, பிரேக்குக்கென்றே இருக்கும் நிறுவனங்கள் விற்கும் நான்கு அல்லது ஆறு பிஸ்டன் கிட். என் ஓட்டு பெரும்பாலும் இரண்டாவதற்கு. ஆனால் முதல் வழியைத் தாண்டாமல் அங்கே போகக் கூடாது.

முதலில் ஒரு சோதனை. ஆளில்லாத, காய்ந்த சாலையில் வேகமாகப் போய் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துப் பாருங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) துடித்தால், டயரின் பிடிமானம் முழுவதையும் பயன்படுத்தும் வலு உங்கள் காலிப்பருக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் ஆறு பிஸ்டன் போட்டாலும் அந்த ஒரு தடவை நிற்கும் தூரம் குறையாது. குறைய வேண்டுமென்றால் டயரை மாற்ற வேண்டும்.

அப்படியானால் பெரிய பிரேக் எதற்கு? சூட்டுக்கு. 1,400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சுமார் 540 கிலோஜூல் இயக்க ஆற்றலோடு ஓடுகிறது. 160 கி.மீ. வேகத்தில் அதுவே 1,380 கிலோஜூலை எட்டுகிறது. வேகம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்; ஆற்றல் இரண்டரை மடங்கு. அதில் பெரும்பகுதி டிஸ்க்கில் சூடாக இறங்குகிறது. டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும், மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் இதுவே திரும்பத் திரும்ப நடக்கும்போது, சிறிய டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த மிதி வந்துவிடுகிறது.

சூட்டில் பிரேக் தோற்பதில் இரண்டு வகை உண்டு. எந்த வழியில் போவது என்பதை இதுதான் தீர்மானிக்கும். பெடல் கல் மாதிரி நிற்கிறது, ஆனால் வண்டி நிற்க மறுக்கிறது என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று தரையை நோக்கிப் போகிறது என்றால் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். இரண்டையும் ஒரே பெயரில் "பிரேக் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு நேராகக் கிட் வாங்கப் போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இரண்டுக்கும் முதல் வழியிலேயே நிறைய மருந்து உண்டு. டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு இந்த எல்லைகள் 140, 155, 180 என்று இறங்கிவிடுகின்றன. அதாவது இரண்டு மூன்று வருடம் கிடந்த டாட் 5.1-ஐ விட, இன்று ஊற்றிய டாட் 3 அதிகம் தாங்கக்கூடும். பெயரில் ஒட்டிக்கொண்டு வரும் டாட் 5 வேறு இனம்; அது சிலிகான். மற்றவற்றோடு கலக்கக் கூடாது, ஏபிஎஸ் உள்ள காரில் ஊற்றவும் கூடாது. பேட் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: ரேஸ் பேட் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வண்டியை எடுத்து முதல் சிக்னலில் மிதிக்கும்போது அது உங்களைக் கைவிடும். சாலைக்கும் எப்போதாவது டிராக்குக்கும் என்றால் நடுத்தரமான பேட்தான் சரி. எஃகு வலை போர்த்திய ஹோஸ் பெடலைக் கொஞ்சம் இறுக்கமாக்கும். பழைய ரப்பர் உப்பியிருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும், இல்லாவிட்டால் லேசாகத்தான்.

இந்த மூன்றும் செய்த பிறகும் பிரேக் சூட்டில் விழுகிறதா? அப்போதுதான் காலிப்பரைப் பற்றிப் பேச வேண்டும்.

அண்ணன் மாடல் வழிக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 நல்ல உதாரணம். முதல் 1.6 லிட்டர் காரில் முன் டிஸ்க் 235 மி.மீ., பின் டிஸ்க் 231. 1.8 லிட்டர் வந்தபோது 255, 251. இரண்டாம் தலைமுறையில் 2001-ல் வந்த ஸ்போர்ட் பிரேக்கில் 270, 276. முன்னும் பின்னும் சேர்ந்தே வளர்ந்திருப்பதைக் கவனியுங்கள். முன்பின் பிரேக் சமநிலையைக் கணக்குப் போட்டு, ஓட்டிப் பார்த்து, ஏபிஎஸ்ஸோடு ஒத்துப்போகச் செய்த வேலையை அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே முடித்துவிட்டார்கள். அந்த உழைப்பு நமக்கு அப்படியே கிடைக்கிறது. பேட் எங்கும் கிடைக்கும். டார்க் அளவு (போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற எண்) சர்வீஸ் மேனுவலில் அச்சிட்டே இருக்கும். வீட்டில் வேலை செய்பவருக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை.

ஆனால் குடும்பம் ஒன்றுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாலும் சிக்கல் வரும். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள் அதன் அண்ணன் எஸ்டிஐ-யின் பிரெம்போ நிறுவனக் காலிப்பர் மீது ஆசைப்படுவது இயல்பு: முன்னால் நான்கு பிஸ்டனும் 326 மி.மீ. டிஸ்க்கும், பின்னால் இரண்டு பிஸ்டனும் 316 மி.மீ. டிஸ்க்கும். ஆனால் 2005 மாடலில் எஸ்டிஐ-யின் வீல் போல்ட் வட்டம் (போல்ட்டுகளின் எண்ணிக்கை × அவை அமரும் வட்டத்தின் விட்டம், மி.மீ.) 5×100-லிருந்து 5×114.3-க்கு மாறியது. பின் டிஸ்க்கின் உள்ளே உட்காரும் ஹேண்ட்பிரேக் டிரம் வேறு, டபிள்யூஆர்எக்ஸில் 170 மி.மீ., எஸ்டிஐ-யில் 190. காலிப்பர் கச்சிதமாகப் பொருந்தும், ஹேண்ட்பிரேக் பிடிக்காது. ஆண்டும் வேரியன்ட்டும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் கை காலிப்பர் என்றால், பிஸ்டன் சீலையும் தூசி ரப்பரையும் மாற்றாமல் மாட்ட வேண்டாம் என்பேன். ரப்பர் மலிவு. துருப்பிடித்த பிஸ்டனோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். சீல் மாற்றும்போது பெட்ரோல், கிரீஸ், மினரல் ஆயில் எதுவும் படக் கூடாது. அந்த ரப்பர் உப்பிப் போகும். புது பிரேக் ஆயிலையே தடவி உள்ளே தள்ளுங்கள்.

இனி கிட். இதில்தான் கணக்கு தேவைப்படுகிறது, விளம்பரம் சொல்லாத கணக்கு. கம்பெனி காலிப்பர் ஒற்றைப் பிஸ்டன், 57 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 2,550 சதுர மி.மீ. கிட்டில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பிஸ்டன்கள், 38-ம் 42-ம். இரண்டையும் ஒப்பிடும்போது நான்கு பிஸ்டன் காலிப்பரில் ஒரு பக்கத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர் நகர்ந்து மறுபக்கத்தையும் அதே விசையால் அழுத்துகிறது. அந்த ஒரு பக்கப் பரப்பு சுமார் 2,520. நான்கு பிஸ்டன் வந்தும் அழுத்தும் விசை ஒரு துளி குறைந்திருக்கிறது! நல்ல கிட் செய்பவர்கள் வேண்டுமென்றேதான் இப்படி வைக்கிறார்கள். பெரிய டிஸ்க் தரும் கூடுதல் பிடியை ஓரளவு ஈடுகட்டி, முன்பின் சமநிலையைக் காப்பாற்றத்தான்.

இப்போது தப்பான கிட்டைப் பாருங்கள். பிஸ்டன் 42-ம் 46-ம்; பரப்பு சுமார் 3,050, அதாவது இருபது சதவீதம் கூடுதல். டிஸ்க் பெரிதானதால் பேட் பிடிக்கும் ஆரமும் 115-லிருந்து 138 மி.மீ. ஆனது, அது இன்னொரு இருபது. இரண்டும் பெருகி, அதே அழுத்தத்தில் முன் பிரேக்கின் வலு நாற்பது சதவீதத்துக்கு மேல் ஏறிவிடுகிறது. பின்னால் எதுவும் மாறவில்லை. முன்பு 70:30 இருந்த பங்கு 77:23 ஆகிறது. முன் டயர் சீக்கிரமே எல்லையைத் தொட்டு ஏபிஎஸ்ஸை அழைக்கும். பின் டயர் சும்மா உருளும். கம்பெனி பிரேக்கை விட அதிக தூரம் போய்த்தான் வண்டி நிற்கும். போதாததற்கு, பெரிய பிஸ்டனை நகர்த்த அதிக ஆயில் வேண்டும் என்பதால் பெடல் இன்னும் ஆழமாக இறங்கும். பிஸ்டன் அளவைச் சொல்லாத கிட்டை நான் வாங்கவே மாட்டேன்.

கிட்டின் நிறைகளும் உண்மையானவை. அலுமினிய காலிப்பரும் நடுப்பகுதி அலுமினியமான இரண்டு துண்டு டிஸ்க்கும் பல சமயம் எடையைக் குறைக்கும். சூட்டைப் பெரிய டிஸ்க் நிதானமாக வாங்கிக்கொள்ளும். பேட்டை இரண்டு பின் கழற்றி மேலே உருவி எடுக்கலாம். மாதாமாதம் டிராக் போகிறவருக்கு இதற்கு இணை இல்லை. தூசி ரப்பர் இல்லாத ரேஸ் காலிப்பரை மட்டும் தினசரி ஓட்டும் காரில் போடாதீர்கள். மண்ணும் நீரும் பிஸ்டனைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

மாட்டும் வேலையில் மூன்றுக்கும் இடையே நிறைய வித்தியாசம். முதல் வழியில் பேட், ஆயில், ஹோஸ் மாற்றத் தெரிந்தால் போதும். இரண்டாவதில் காலிப்பரையும் டிஸ்க்கையும் கூடக் கழற்ற வேண்டும். இரண்டிலும் ஹோஸைக் கழற்றும்போது உலோகக் குழாயின் நட்டை சாதாரண ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கிவிடும், அதற்கான பிளேர் நட் ஸ்பேனர் அவசியம். ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பேஞ்சோ போல்ட்டில், ஹோஸ் முனையின் இரு பக்கமும் புது செப்பு வாஷர் போட வேண்டும். மூன்றாவதில் இவற்றோடு அடாப்டர் பிராக்கெட்டும், டிஸ்க்கை நடுவில் நிறுத்த ஷிம் எனும் மெல்லிய தகடும், வீலுக்கும் காலிப்பருக்கும் இடைவெளி பார்க்கும் வேலையும் சேரும். நிறுவனம் தரும் டெம்ப்ளேட்டை அட்டையில் வெட்டி வீலுக்குள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். நக்கிள் (வீலைத் தாங்கும், காலிப்பர் மாட்டப்படும் பாகம்) அலுமினியமாக இருந்தால் மரை கெடாமல் முதலில் கையாலேயே திருகி, பிறகு டார்க் ரென்ச் வையுங்கள்.

முதன்முதலில் நான்கு பிஸ்டன் காலிப்பர் மாட்டியபோது நான் இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுவிட்டேன். எவ்வளவு ஏர் எடுத்தும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றியும்) பெடல் பஞ்சாகவே இருந்தது. காரணம், ஏர் எடுக்கும் நிப்பிள் கீழே வந்துவிட்டது. காற்று மேலேயே தங்கிவிட்டது. நிப்பிள் எப்போதும் மேலே இருக்க வேண்டும். பிஸ்டன் இரண்டு அளவில் இருந்தால், டிஸ்க் சுழன்று காலிப்பருக்குள் நுழையும் பக்கம் சிறியது வர வேண்டும். இல்லையேல் பேட் சாய்வாகத் தேயும். நகராமல் நிற்கும், இருபுறமும் பிஸ்டன் உள்ள நிலையான காலிப்பர்களில் பெரும்பாலானவற்றில் உள்ளும் வெளியும் இரண்டு நிப்பிள்கள் இருக்கும், இரண்டிலும் எடுக்க வேண்டும். டேங்கில் ஆயில் தீர்ந்து காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போனால், சில கார்களில் ஸ்கேன் கருவி இல்லாமல் அதை வெளியேற்ற முடியாது.

ஆக, சாலையில் ஓட்டி வருடத்துக்கு இரண்டு முறை டிராக் போகிறவர் முதல் வழியோடு நிற்கலாம். அதற்கு மேல் போகிறவருக்கு அண்ணன் மாடல், அதுவும் முன்பின் சேர்த்தே. காரில் எஞ்சின் வலு கூடி, டயர் அகலமாகி, டிராக்கே வாழ்க்கையாகிவிட்டவருக்குக் கிட். அப்போதும் பின் பிரேக்கைக் கணக்கில் சேர்த்த கிட்.

எதை மாட்டினாலும் காரை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கமாக்குங்கள். பிஸ்டன் பின்னுக்குப் போயிருப்பதால் முதல் மிதி வெறுமையாகவே இருக்கும். எஞ்சினை ஓட விட்டு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு இணைப்பையும் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள், ஈரம் தெரியக் கூடாது. பிறகு வாகனமில்லாத சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை எட்டுப் பத்து தடவை குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல். சூடான பேட்டை டிஸ்க்கில் அழுத்தி நின்றால் அந்த இடத்தில் மட்டும் பேட்டின் பூச்சு ஒட்டிக்கொள்ளும். பின்னால் ஸ்டியரிங் நடுங்கும்போது டிஸ்க் கோணிவிட்டது என்று பழி போடுவோம். அதன்பின் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற விட்டு, வீட்டுக்கு வந்ததும் போல்ட்டுகளின் டார்க்கை இன்னொரு முறை சரிபாருங்கள்.