திரை சாகவில்லை, பொத்தான் செத்துவிட்டது

என்னிடம் இருக்கும் அதே மாடல் தொலைக்காட்சி, ஒருவர் பயன்படுத்தியது, மலிவாக வருகிறது. வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். திரை எப்படி என்பதுதான் அவருடைய கவலை. திரைக்கு என்ன? 2016இல் வாங்கியது. இன்றுவரை ஒரு புள்ளிகூடச் சாகவில்லை. எனக்குத் தகராறு ரிமோட்டுடன்.

ஒலியளவுப் பொத்தானுக்கு நேர் கீழே, ஒரு படச் சேவையின் பெயர் அச்சிட்ட அகலமான பொத்தான் இருக்கிறது. அந்தச் செயலி இதில் நின்றுபோய் ஆண்டுகள் ஆகின்றன. பொத்தானுக்கு அது தெரியாது. இருட்டில் ஒலியைக் குறைக்கப் போய் விரல் தவறினால், படம் மறைந்து, ஒரு வட்டம் சுழன்று, ‘இச்செயலி இந்தச் சாதனத்தில் இயங்காது’ என்று வருகிறது. மீண்டும் படத்துக்குத் திரும்ப நாற்பது விநாடி, எண்ணிப் பார்த்திருக்கிறேன். பொத்தானை வேறு வேலைக்கு மாற்ற வழியில்லை.

கடைசி மென்பொருள் புதுப்பிப்பு 2018இல் வந்தது. அதில் புதிதாகக் கிடைத்தது முகப்பில் ஒரு விளம்பரப் பட்டை.

நியாயமாகவும் பேச வேண்டும். காணொளியைச் சுருக்கி அனுப்ப உதவும் ஏவி1 கோடெக்கே 2018இல்தான் வெளிவந்தது. அதற்கு முன் செய்த சில்லு அதைக் கையாளவில்லை என்று கோபித்துப் பயனில்லை. ஆனால் ஒரு தளம் உண்மையானதா என்று உலாவி சரிபார்க்கும் சான்றிதழின் விஷயம் வேறு. தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானதும், என் தொலைக்காட்சியின் உலாவி பாதித் தளங்களைத் திறக்க மறுத்தது. அதற்குத் தேவை புதிய சில்லு அல்ல, சிறிய கோப்பு ஒன்று. தொலைக்காட்சியில் செருகி இணையப் படங்களைப் பார்க்க 2015இல் வந்த கூகுளின் சிறு கருவியான இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் 2025 மார்ச்சில் இதே போன்ற சான்றிதழ்க் கோளாறால் முடங்கியபோது, கூகுள் சில நாட்களில் திருத்தம் அனுப்பியது. மனம் இருந்தால் முடிகிறது.

என் உற்பத்தியாளரின் உதவி மையம் ‘ரீசெட் செய்யுங்கள்’ என்றது. நம்பிச் செய்தேன். செயலிக் கடையை அவர்களே எப்போதோ மூடிவிட்டிருந்ததால், அதுவரை ஒழுங்காக ஓடிய இரண்டு செயலிகளும் திரும்பி வரவில்லை! மறுபடி அழைத்தபோது, மாடல் பழையது என்று எனக்கே விளக்கினார்கள்.

அன்று இரவே வைஃபையைத் துண்டித்து, எச்டிஎம்ஐ துளையில், படச் செயலிகள் தனியாக ஓடும் ஒரு ஸ்டிக்கைச் செருகினேன். எதிர்பாராத சுகம்: விளம்பரப் பட்டை காணாமல் போனது, மெனு வாங்கிய நாளில்கூட இவ்வளவு விரைவாகத் திறந்ததில்லை. எதையும் அறியாத வெறும் திரையாக இது அருமையான தொலைக்காட்சி. அந்தப் பொத்தான் மட்டும் இப்போது ‘இணையத்துடன் இணைக்கவும்’ என்கிறது. அதன் மேல் அட்டை ஒட்டியிருக்கிறேன்.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றேன். விற்பவர் ரிமோட்டை மட்டும் தனியாகத் தருவாரா என்று கேட்கவும் சொன்னேன். என்னுடையதில் ஒலியளவுப் பொத்தான் தேய்ந்துவிட்டது.