தீபாவளிக்கு நாயை ஊருக்குக் கூட்டிப் போவதா, காப்பகத்தில் விடுவதா?

செலவு: ரயிலில் கூடவே வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏசியில் கூபே (இரண்டு படுக்கை உள்ள தனி அறை) முழுவதையும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ரயில் கார்டு வரும் பெட்டியில் நாய்க்கூண்டு. காப்பகத்தில் நாள் கணக்குக் கட்டணம்.

வெடிச்சத்தம்: இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் ஊர் வீட்டில் வாசல் கதவு சாத்தியே இருக்காது. போன வருடம் முதல் சரம் வெடித்ததும் எங்கள் மணி கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடினான். இருட்டிய பிறகு வைக்கோல் போருக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். காப்பகத்தில் மூடிய அறை இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு விடுங்கள்.

சாப்பாடு: உறவினர்கள் பாசத்தில் ஊட்டிவிடுவார்கள். கேசரியில் கிடக்கும் உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட் எல்லாம் நாய்க்கு விஷம்.

தடுப்பூசி அட்டை எப்படியும் வேண்டும்.

வயதான நாயும் சத்தத்துக்கு மிரளும் நாயும் காப்பகத்திலேயே இருக்கட்டும். உங்களைப் பிரிந்தால் சாப்பிடாத நாய் என்றால், சரி, கூட்டிப் போங்கள். ஊரில் அதற்கென்று ஓர் உள்ளறையை முதலிலேயே கேட்டு வையுங்கள்.