ஃபேக்டரி மேனேஜர் தேடித்தந்த கன்சல்டன்சி: எங்கள் அனுபவம்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி யூனிட் நடத்துகிறோம். ஃபேக்டரி மேனேஜர் தேடித்தர கோவையில் ஒரு கன்சல்டன்சியிடம் பொறுப்பைக் கொடுத்தோம். இதே தேடலில் இருக்கும் சின்ன யூனிட்காரர்களுக்காக எழுதுகிறேன்.

வந்த பயோடேட்டாக்கள் எல்லாம் நன்றாகச் சலித்தெடுத்தவை. பழைய கம்பெனிகளில் விசாரித்து, ஏன் விலகினார், கடைசிச் சம்பளம் என்ன என்று எழுதியே கொடுத்தார்கள். கட்டணம் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். 90 நாளுக்குள் ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டால் வேறு ஆள் தருவார்கள். இதிலெல்லாம் குறையே இல்லை.

மார்க் போட்டு வரிசைப்படுத்தி அனுப்புவதோடு முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள், அதுதான் குறை. பட்டியலில் முதலில் இருந்தவர் எம்பிஏ, பெரிய கம்பெனி. மூன்றாவதாக இருந்த அம்மா டிப்ளமோ, செக்கிங்கில் சேர்ந்து மேலே வந்தவர். இருவரையும் பவர் டேபிள் பக்கம், அதாவது தையல் மெஷின் வரிசைக்கு, அழைத்துப் போக வேண்டும் என்றேன். "சீனியர்களை அப்படிச் சோதிக்கக் கூடாது மேடம்" என்று தயங்கினார்கள். நான் விடவில்லை.

முதலாமவர் லைன் நடுவில் நின்று லீன், 5எஸ் என்று வீணடிப்பைக் குறைத்து இடத்தை ஒழுங்காக வைக்கும் முறைகள் பற்றி நன்றாகவே பேசினார். டெய்லர் ஒருவரிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மா வந்ததுமே ரிஜெக்ட் மூட்டையைக் கேட்டார். மேசையில் கொட்டி, எண்ணெய்க் கறை, ஷேடு (நிற வித்தியாசம்), ஊசி ஓட்டை என்று தனித்தனியாகப் பிரித்தார். ஊசி ஓட்டைக் குவியல்தான் பெரிது. ஒரு பீஸின் தோள் தையலை இரண்டு பக்கமும் இழுத்தார்; ஓட்டை விரிந்தது. முனை மழுங்கிய ஊசி பின்னல் இழையை ஒதுக்காமல் அறுத்துவிடும். நேரே ஓவர்லாக் பையனிடம் போய், "தம்பி, ஊசி எப்ப மாத்துனீங்க?" என்றார். எங்களிடம் வாயே திறக்காதவன், ஸ்டோரில் ஊசி கேட்டால் இழுத்தடிக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டான்.

இவர்தான் என்று எனக்கு அங்கேயே பட்டுவிட்டது.

அப்படிப் படுவதை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 1950-களில் உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேல் ராணுவத்துக்காக ஒரு நேர்காணல் முறை அமைத்தார். ஆறு குணங்களுக்குத் தனித்தனியாகக் கேட்டு மார்க் போட வேண்டும். பிறகு கண்ணை மூடி, இந்த ஆள் சிப்பாயாக எப்படி இருப்பார் என்று நினைத்துப் பார்த்து இன்னொரு மார்க். அவரே எதிர்பார்க்காதபடி, அந்தக் கடைசி மார்க்கும் ஆறின் கூட்டுத்தொகைக்குச் சமமாகப் பலித்தது. நாங்களும் முதலில் எல்லாருக்கும் ஒரே கேள்விகள், அப்புறம் லைன், கடைசியில்தான் மனசு என்று வைத்துக்கொண்டோம். நம்ம ஊர்க்காரர், நம்ம ஆளுங்க என்று தோன்றினால் அதற்கு மார்க் கிடையாது என்பதையும் முன்பே பேசிக்கொண்டோம்.

அந்த அம்மா சேர்ந்ததும் ஊசிக்கு ஒரு நோட்டுப் போட்டார். பழைய ஊசியைக் கொடுத்தால் அந்த நிமிடமே புதுசு.

கன்சல்டன்சியைத் தாராளமாக அமர்த்தலாம். அக்ரிமென்ட் போடும் முன்பே, கடைசி ரவுண்டு உங்கள் யூனிட்டில், ஷிப்ட் ஓடும்போது என்று எழுதி வாங்கிவிடுங்கள். மெர்ச்சண்டைசிங் மேனேஜர் வேலைக்கும் இவர்களிடமே கொடுத்திருக்கிறோம், அந்த வரியைச் சேர்த்து.