மூன்று சர்வருக்குக் காசு வாங்கி ஒன்றைக் கொடுத்தார்கள்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சில கமிஷன் கடைகளுக்கு நாங்கள்தான் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறோம். எந்த விவசாயி எத்தனை கிலோ மல்லி கொண்டுவந்தார், அன்றைக்கு என்ன விலை, கமிஷனும் முன்பணமும் போக அவருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில்தான் ஏறும். விடியற்காலையில் பத்து நிமிடம் நின்றால்கூடக் கடைக்காரர் திண்டாடிப் போவார். அதற்காகவே கசாண்ட்ரா என்ற தரவுத்தள மென்பொருளில் தரவை மூன்று பிரதியாக வைத்தோம். மூன்றில் இரண்டு பதில் சொன்னால் போதும், வேலை நடக்கும். ஆனால் அந்த மூன்றும் தனித்தனி இயந்திரத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்குக்கு அர்த்தம்.

பெரிய நிறுவனங்களின் இயந்திரங்களில் தேவைக்கேற்ப இடம் எடுக்கும் கிளவுடா, ஒரு முழு இயந்திரத்தையே நமக்கென்று வாடகைக்கு எடுக்கும் டெடிகேட்டட் சர்வரா என்று ஒரு மாதம் யோசித்தோம். கசாண்ட்ரா டிஸ்க்கை ஓயாமல் வேலை வாங்கும். எழுதிய கோப்புகளைப் பின்னணியில் சேர்த்துச் சேர்த்து மறுபடி எழுதிக்கொண்டே இருக்கும். அதனால் டிஸ்க் முழுதும் நமக்கே என்றிருப்பது நல்லது, வாடகையும் மாதாமாதம் மாறாது. இன்றைக்கும் அந்த யோசனை தவறென்று நான் நினைக்கவில்லை. ஒரு நிறுவனம் மூன்று டெடிகேட்டட் சர்வர், மாதம் 27,000 ரூபாய் என்றது. தினசரி பேக்கப்புக்குத் தனிக் கட்டணம். ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டினோம்.

ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தைய நாள், அதிகாலை நாலேகாலுக்கு மூன்றும் ஒன்றாக நின்றன. கடைக்கார அண்ணன் போனில், "தம்பி, பாக்கி எதுவும் தெரிய மாட்டேங்குது, விவசாயிங்க நிக்கிறாங்க" என்றார். மதியம்தான் அந்த நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது: "ஹோஸ்ட் மெஷினில் ரெய்டு கன்ட்ரோலர் பழுது." அதாவது, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் பாகம் கெட்டுவிட்டது. ஒரே ஹோஸ்ட். எங்கள் மூன்று சர்வரும் ஒரே பெட்டிக்குள் ஓடிய மூன்று விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது மென்பொருளால் பிரித்த போலி இயந்திரங்கள். கேட்டதற்கு, "லாஜிக்கலா டெடிகேட்டட்தான் சார்" என்றார்கள். பேக்கப்பும் அதே பெட்டியில்தான் இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பிரதி ஒன்று இருந்ததால் பிழைத்தோம். அதற்குப் பிந்தைய ஐந்து நாள் கணக்கைக் கையெழுத்துச் சிட்டைகளைப் பார்த்து இரண்டு நாள் உட்கார்ந்து ஏற்றினோம். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் சிட்டையைத் தொலைத்திருந்தார். அவர் சொன்ன தொகையையே கடைக்கார அண்ணன் எழுதிக் கொடுத்தார். எனக்கு அந்த இடத்தில் தலை நிமிர முடியவில்லை.

அறிகுறி முன்பே இருந்தது. லினக்ஸில் டாப் (top) கட்டளை கொடுத்தால் சிபியு வரியின் கடைசியில் 'எஸ்டி' (st) என்றொரு எண் தெரியும். நமக்கு வரவேண்டிய சிபியு நேரத்தை அதே பெட்டியில் இருக்கும் மற்றவர்கள் எடுத்துக்கொண்ட அளவு அது. உண்மையான தனி இயந்திரத்தில் அது பூஜ்யமாகத்தான் இருக்கும். எங்களுடையதில் காலை நேரத்தில் 8, 10 சதவீதம் என்று ஏறியது. 'சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்' (systemd-detect-virt) என்ற கட்டளையை அடித்திருந்தால், விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் மென்பொருளின் பெயரான 'கேவிஎம்' (kvm) என்று முதல் நாளே தெரிந்திருக்கும். தனி இயந்திரமாக இருந்தால் 'நன்' (none) என்று வரும். பணம் கட்டும் முன் ஒரு நாள் சோதனைக்குக் கேளுங்கள், இதை அடித்துப் பாருங்கள். மூன்றும் தனித்தனி ரேக்கிலா (சர்வர்களை அடுக்கும் அலமாரி), தனித்தனி மின் இணைப்பிலா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பேக்கப் வேறொரு ஊரில் இருக்கட்டும். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

இப்போது கிளவுடுக்கு மாறிவிட்டோம், மும்பையில், மூன்று அவைலபிலிட்டி சோனில், அதாவது ஒன்று நின்றாலும் மற்றது ஓடும்படி பிரித்துக் கட்டிய டேட்டா சென்டர் பகுதிகளில், சோனுக்கு ஒன்றாக. அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் இதே கதைதான். ஒரே சோனில் மூன்று எடுத்தால், பிரித்து வை என்று நாம் சொல்லாதவரை அவை ஒரே பெட்டியில் விழலாம். இயந்திரத்தோடு வரும் லோக்கல் டிஸ்க் வேகமானதுதான், ஆனால் சர்வரை ஸ்டாப் செய்தால் அதிலிருப்பது போய்விடும். சோன்களுக்கு இடையே பிரதி ஓடும் ஒவ்வொரு ஜிபிக்கும் காசு உண்டு, விலைப்பட்டியலைப் பார்க்கும்போது அது கண்ணில் படாது.

பழைய நிறுவனம் ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னது. மீதி ஏழு மாதப் பணத்தை எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. "மூன்று டெடிகேட்டட் சர்வர்" என்று அவர்கள் அனுப்பிய இன்வாய்ஸ் பத்திரமாக என்னிடம் இருக்கிறது.