எண்ணெய்க்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று: சர்க்கரை ஜெல்லாக்கிகளில் எதை எடுப்பது?

சிறிய கண்ணாடிக் குப்பியில் ஒரு மில்லிலிட்டர் கரைப்பான், அதில் பத்து மில்லிகிராம் வெள்ளைத் தூள். மூடியை இறுகத் திருகி, தூள் முழுதும் கரையும் வரை சூடாக்க வேண்டும். அப்புறம் மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். சூடு இறங்க இறங்க, தெளிந்த திரவத்துக்குள் மெல்லிய நீலச் சாயல் படரும். குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு சொட்டு கூட இறங்காது. இப்படித் திரவத்தை ஜெல்லாகக் கட்டும் தூள்தான் ஜெல்லாக்கி.

இதில் எனக்கு வியப்பு இன்னும் தீரவில்லை. டைபென்சிலிடீன் சார்பிட்டால் என்ற பொருளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் 1 கிராம், டொலுயீன் 99 கிராம் என்றால், அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஏறத்தாழ 385 டொலுயீன் மூலக்கூறுகள். அத்தனையையும் நகரவிடாமல் பிடித்து நிறுத்துவது நானோமீட்டர் கணக்கில் அகலமுள்ள இழைகளின் வலை. அந்த இழைகளுக்குள் வேதிப்பிணைப்புச் சங்கிலி எதுவும் கிடையாது. சர்க்கரைப் பகுதியின் ஹைட்ராக்சில்கள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதிகள்) ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கின்றன, அவ்வளவுதான். சூடாக்கினால் பிரிந்துவிடும், ஆறினால் மறுபடி சேரும்.

அகார், பெக்டின் போன்றவையும் சர்க்கரை வழி வந்தவைதான். ஆனால் அவை நீண்ட சங்கிலிகள், வேலை செய்வது தண்ணீரில். டீசலையோ டொலுயீனையோ கட்ட அவை உதவா. ஆகவே இங்கே சிறிய மூலக்கூறுகளை மட்டும் பார்ப்போம்.

ஜெல்லாக்கிகளை ஒப்பிடும்போது பலரும் முதலில் கேட்பது, எவ்வளவு குறைந்த அளவில் ஜெல் ஆகிறது என்பது. என் பார்வையில் அது இரண்டாவது கேள்வி. அந்த ஜெல் எவ்வளவு காலம் நிற்க வேண்டும், பிறகு எந்த வழியில் கலைய வேண்டும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

டைபென்சிலிடீன் சார்பிட்டாலிலேயே தொடங்கலாம். சுருக்கமாக டிபிஎஸ். 1891-இலேயே பதிவான பழைய பொருள் இது. சார்பிட்டாலையும் பென்சால்டிஹைடையும் அமிலத்தோடு சேர்த்தால் கிடைக்கும். வடிவத்தைப் பட்டாம்பூச்சிக்கு ஒப்பிடுவார்கள்: நடுவில் சர்க்கரை உடல், இரு பக்கமும் பென்சீன் வளையங்கள் இறக்கைகளாக. விரிவில் இதற்கு ஈடு சொல்வது கடினம். எண்ணெய்கள், கிளைக்கால்கள், பலவகைக் கரிமக் கரைப்பான்கள் என எதைக் கொடுத்தாலும் பெரும்பாலும் 2 சதவீதத்துக்குள்ளேயே கட்டிவிடும். தெளிவான டியோடரன்ட் குச்சிகளுக்கு இது பயன்பட்டது. இதன் மெத்தில் ஏற்றிய வடிவங்கள் பாலிபுரோப்பிலீனைக் கண்ணாடி போலத் தெளிவாக்குகின்றன. உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது முதலில் இந்த இழைவலை உருவாகிறது. அதன்மேல் பிளாஸ்டிக் படிகங்கள் மிகச் சிறியதாக, எண்ணிக்கையில் மிக அதிகமாக வளர்கின்றன. ஒளி சிதறுவது குறைகிறது.

குறை என்ன? அமிலம். பென்சால்டிஹைடு ஒட்டியிருக்கும் அசிட்டால் பிணைப்பு அமிலத்தில் மெல்ல அறுபடும். ஜெல் தளரும், கூடவே பாதாம் எசன்ஸ் வாசனை எழும். டியோடரன்ட் குச்சியில் வியர்வையைத் தடுக்கச் சேர்க்கும் அலுமினிய உப்புகள் அமிலத்தன்மை கொண்டவை என்பதால் அங்கே இது உண்மையான தலைவலி. பிளாஸ்டிக்கிலும் முதல் தலைமுறைச் சேர்மத்துக்கு இதே வாசனைப் புகார் இருந்தது. தயாரிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பென்சால்டிஹைடு மட்டும் ஒட்டியது, மூன்று ஒட்டியது என வேண்டாத துணைப்பொருள்கள் கூடவே வரும். ஒன்று ஒட்டியதைக் கொதிநீரிலும், மூன்று ஒட்டியதை டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானிலும் கழுவி எடுக்க வேண்டும். கழுவலில் சலித்துக்கொண்டால் ஜெல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும்.

தண்ணீர் என்று வந்தால் மூல டிபிஎஸ் கைவிட்டுவிடும், ஏனெனில் அது தண்ணீரில் சரியாகக் கரையவே செய்யாது. இங்கேதான் யார்க் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித் குழு செய்த மாற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். இறக்கைகளின் நுனியில் ஹைட்ரசைடு தொகுதியை வைத்தார்கள். இப்போது அது சூடான தண்ணீரில் கரைந்து, ஆறும்போது ஜெல்லாகிறது. அமில காரத்தன்மை பெரிய அளவில் மாறினாலும் தாக்குப்பிடிக்கிறது. தங்கம், வெள்ளி உப்புகளைக் கரைசலிலிருந்து இழுத்து, தனக்குள்ளேயே நானோ துகள்களாக மாற்றியும் காட்டியது. நுனியில் கார்பாக்சிலிக் அமிலம் வைத்த இன்னொரு வடிவத்துக்குச் சூடே வேண்டாம். காரத் தண்ணீரில் கரைத்து, குளுக்கோனோலாக்டோனைப் போட்டுவிட்டால் போதும். அது மெல்லக் குளுக்கோனிக் அமிலமாக மாறி, கரைசலை ஒரே சீராக அமிலமாக்கும், ஜெல் தானாக எழும். சூடு தாங்காத மருந்தை உள்ளே வைக்க வேண்டுமானால் நான் இதைத்தான் எடுப்பேன்.

அதே குளுக்கோனோலாக்டோனை ஆக்டைல் அமீனோடு சேர்த்தால் ஆக்டைல் குளுக்கோனமைடு. செய்முறை ஒரே படி, சேர்மானமும் எளிது. சூடான தண்ணீரில் கரைத்து ஆறவிட்டால் ஜெல் வந்துவிடும். மின் நுண்ணோக்கியில் பார்த்தால் முறுக்கிய கயிறு போன்ற இழைகள். 1980-களின் பிற்பகுதியில் பெர்லினில் ஃபூர்ஹோப் குழு இதை ஆழமாக ஆராய்ந்தது. வலக்கை வடிவத்தையும் இடக்கை வடிவத்தையும் சமமாகக் கலந்தால் இந்தக் கயிறுகள் உருவாவதில்லை, தட்டையான படிகத் துண்டுகள்தான் வரும். அழகான பாடம், ஆனால் நம்பகமான ஜெல் என்று சொல்ல மாட்டேன். விட்டுவைத்தால் இழைகள் படிகமாக மாறி, தண்ணீர் ஒரு பக்கமும் வெள்ளைப் படிவு ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். சோப்பு வகைப் பொருள் சேர்த்து அதைத் தள்ளிப்போடலாம். அப்படி முட்டுக்கொடுத்து நிறுத்துவதைவிட டிபிஎஸ் ஹைட்ரசைடுக்குப் போவதே மேல்.

குளுக்கோஸ், மேனோஸ் ஆகியவற்றின் 4,6-பென்சிலிடீன் வடிவங்களும் (சர்க்கரையின் 4, 6 இடங்களில் பென்சால்டிஹைடு ஒட்டியவை) உண்டு. ஜப்பானில் ஷின்காய் குழு 1990-களின் இறுதியில் இவற்றை வரிசையாகச் செய்து சோதித்தது. ஒரே சூத்திரம், ஒரே ஒரு ஹைட்ராக்சிலின் திசை மட்டும் வேறு. ஜெல்லாக்கும் திறன் அதற்கேற்ப மாறிவிடுகிறது. கட்டமைப்பைப் படிக்க விரும்புபவருக்கு இது பொக்கிஷம். வேலைக்குத் தேர்ந்தெடுப்பவருக்கு டிபிஎஸ் ஏற்கெனவே செய்யாத ஒன்றை இது பெரிதாகத் தரவில்லை. அதே அமிலப் பலவீனமும் இதற்கு உண்டு.

சரி, கடலில் சிந்திய எண்ணெய்? இங்கே தேவை தலைகீழ். தண்ணீரைத் தொடாமல் எண்ணெயை மட்டும் கட்ட வேண்டும், காரியம் முடிந்ததும் எண்ணெயைத் திருப்பித் தர வேண்டும். இதற்கு மேனிட்டாலின் இரட்டை எஸ்டர்கள் பொருத்தமானவை. நியூயார்க்கில் ஜார்ஜ் ஜான் குழு 2010-இல் வெளியிட்ட வேலை இது. லிப்பேஸ் நொதி, சர்க்கரையின் இரு முனை ஹைட்ராக்சில்களை மட்டும் தேர்ந்து கொழுப்பமிலத்தை ஒட்டுகிறது. டிபிஎஸ்ஸின் கழுவல் தொல்லை இங்கே பெருமளவு இல்லை. மேனிட்டால் டைஆக்டனோயேட் சிதைந்தால் கிடைப்பது மேனிட்டாலும் ஆக்டனோயிக் அமிலமும். இரண்டும் உணவில் புழங்குபவை. கட்டிய ஜெல்லிலிருந்து எண்ணெயை வடித்தும் எடுக்கலாம்.

ஆனால் கடலைச் சூடாக்க முடியாதே! அதனால் எத்தனால் போன்ற ஒன்றில் கரைத்துத்தான் தெளிக்க வேண்டும், அந்தக் கரைப்பானில் ஒரு பங்கு தண்ணீருக்குள் போய்விடும். திருவனந்தபுரத்தில் ஐசர் என்ற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் சுரேஷன் குழு 2017-இல் காட்டிய வழி இதைத் தாண்டுகிறது. சைக்ளோஹெக்சிலிடீன் ஏற்றிய மேனிட்டாலைச் செல்லுலோஸ் தூளில் ஏற்றினார்கள். ஜெல்லாக்கி மேலே படிந்ததும் தண்ணீரை விரும்பும் செல்லுலோஸ் தண்ணீரை விலக்கத் தொடங்குகிறது. தூவினால் எண்ணெயை உறிஞ்சி, உள்ளுக்குள்ளேயே ஜெல்லாகி, மிதக்கும் கட்டிகளாக நிற்கிறது. வடிகட்டியால் அள்ளிவிடலாம். இதிலும் அசிட்டால் வகைப் பிணைப்புதான், அமிலத்துக்கு அஞ்சும் குணமும் அதேதான். கடல்நீர் லேசான காரம் என்பதால் அங்கே அது ஒரு பொருட்டே இல்லை.